மெனிபோல்ட் கேஸ்கட்டுகள்: கசிவைக் கண்டறிவதிலிருந்து மாற்றி முடிப்பது வரை

கார் இயந்திரத்தில், காற்றையோ எரிந்த வாயுவையோ கொண்டுபோகும் மெனிபோல்ட் குழாய்த்தொகுதி இயந்திரத்தோடு பொருந்தும் இடத்தைக் கசியாமல் அடைப்பது மெனிபோல்ட் கேஸ்கட். விலையில் அது சிறிய பொருள். அதைக் கழற்றி மாட்டும் வேலைதான் பெரியது. ஆனால் புதிய கேஸ்கட் போட்டு ஆறு மாதம் ஆவதற்குள் அதே இடத்தில் மீண்டும் கசிகிறது என்று கராஜுக்குத் திரும்பி வரும் வாகனங்கள் குறைவல்ல. அவற்றில் பெரும்பாலானவற்றில் பழுது கேஸ்கட்டில் இருப்பதில்லை. வளைந்துபோன முகம் (கேஸ்கட் அமரும் பரப்பு), முறிந்த ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி), சீரற்ற இறுக்கம், வழித்தெடுக்காமல் விட்ட பழைய படிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அங்கே இருந்திருக்கும். இந்த வழிகாட்டி கேஸ்கட் மாற்றுவதைப் பற்றியது என்றாலும், அதில் பாதிக்கு மேல் கேஸ்கட் அமரும் இடத்தைப் பற்றியே பேசுவதற்கு அதுவே காரணம்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரத்தில் இந்த வேலைக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. வாழைச்சேனையிலிருந்து கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை, நம்முடைய ஊர்களும் முக்கிய வீதியும் கடலுக்கு அருகிலேயே கிடக்கின்றன. உப்புக்காற்றும் ஆண்டு இறுதி மழைக்காலத்து வெள்ளமும் எக்ஸோஸ்ட் பக்கத்து நட்டுகளையும் ஸ்டட்டுகளையும் உள்நாட்டை விட வேகமாகத் துருப்பிடிக்க வைக்கின்றன. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் நம்மிடையே ஓடும் அக்சியோ, விட்ஸ், அக்குவா, பிரியஸ், வெகன் ஆர் போன்றவற்றில் பல பத்து வயதைத் தாண்டியவை. இறப்பர் சீல்கள் காய்ந்து தட்டையாகும் வயதும் ஏறக்குறைய அதுதான்.

இரண்டு மெனிபோல்ட், இரண்டு வகைக் கேஸ்கட்

இன்டேக் மெனிபோல்ட் வடிகட்டிய காற்றைத் திரொட்டில் பொடியிலிருந்து (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் எரிந்த வாயுவை ஒன்றுசேர்த்து, அதன் நச்சைக் குறைக்கும் கெற்றலிட்டிக் கொன்வேட்டருக்கு அனுப்புகிறது. இரண்டும் இயந்திரத்தின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் பொருந்தும் முகத்தில்தான் கேஸ்கட் இருக்கிறது. பெயர் ஒன்றானாலும் இரண்டும் முற்றிலும் வேறான சூழலில் வேலை செய்கின்றன.

பெற்றோல் இயந்திரம் ஐட்லிங்கில் இருக்கும்போது இன்டேக் மெனிபோல்டுக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான். வெளியே, நம்மைப் போன்ற கடல்மட்ட ஊரில், அது 101 கிலோபாஸ்கல். எனவே கேஸ்கட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். இன்றைய இன்டேக் மெனிபோல்டுகள் பெரும்பாலும் கண்ணாடியிழை கலந்த நைலோனால் ஆனவை. அவற்றின் முகத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் இறப்பர் சீல் அமுக்கிப் பதிக்கப்பட்டிருக்கும். போல்ட் துளைகளில் உலோகக் குழாய்த்துண்டுகள் உண்டு. இறுக்கத்தைத் தாங்குவது அவையே, நைலோன் அல்ல.

எக்ஸோஸ்ட் பக்கத்தில் வெப்பமே பிரச்சினை. பெற்றோல் இயந்திரத்தில் சுமையேறும்போது எக்ஸோஸ்ட் வாயு 800 பாகை செல்சியஸையும் தாண்டும். அங்கே இறப்பருக்கு இடமில்லை. மெல்லிய உருக்குத் தகடுகளைப் பல அடுக்காக அடுக்கி, துவாரத்தைச் சுற்றி மேடு எழுப்பிய கேஸ்கட்டோ, உருக்குத் தகட்டில் கிராபைட் பூசிய கேஸ்கட்டோ இருக்கும். 40 சென்ரிமீற்றர் நீளமான வார்ப்பிரும்பு மெனிபோல்ட் 500 பாகை சூடேறினால் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் நீளும். அலுமினியம் ஹெட்டும் நீளும், ஆனால் அது 100 பாகையை ஒட்டியே நிற்பதால் அவ்வளவு நீளாது. இந்த வித்தியாசம் முழுவதும் கேஸ்கட்டின் மேல் உரசலாகவும் ஸ்டட்டுகளின் மேல் வளைவாகவும் இறங்குகிறது. இரு அந்தங்களிலும் உள்ள ஸ்டட்டுகளே முதலில் முறிவதும், மெனிபோல்டின் ஓரத் துளைகள் ஸ்டட்டை விடப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ வெட்டப்பட்டிருப்பதும் இதனால்தான்.

ஹொண்டாவின் பல புதிய இயந்திரங்களில் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். அவற்றில் கொன்வேட்டர் நேரே ஹெட்டில் பொருந்துகிறது. மாற்ற வேண்டியது அந்த ஒற்றைத் துவாரக் கேஸ்கட் மட்டுமே.

திறப்பதற்கு முன் உறுதிப்படுத்துங்கள்

சத்தத்தைக் கேட்டவுடன் ஸ்பானரை எடுப்பது வேண்டாம். இன்டேக் கசிவின் அறிகுறிகள் ஐட்லிங் ஏறி இறங்குதல், குளிர்ந்த நிலையில் நடுக்கம், மெல்லிய சீறல், டாஷ்போர்டில் இயந்திர விளக்கு ஆகியன. இதே அறிகுறிகளை அழுக்கேறிய திரொட்டில் பொடி, வெடித்த பி.சி.வி. குழாய் (இயந்திரத்துக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்புவது), பிரேக் பூஸ்டர் குழாய், பழைய பிளக் எல்லாமே தரும். எனவே முதலில் ஸ்கேனரைப் பொருத்தி எரிபொருள் திருத்த அளவுகளை, அதாவது கணினி பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, பாருங்கள். குறுகிய காலத் திருத்தத்தையும் நீண்ட காலத் திருத்தத்தையும் கூட்டினால் ஐட்லிங்கில் 20 சதவீதம் கூடுதலாக இருந்து, நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் பிடித்தால் 4 அல்லது 5 சதவீதமாக இறங்கினால், அது வெற்றிடக் கசிவின் அடையாளம். ஐட்லிங்கில் உள்ளே போகும் மொத்தக் காற்று சிறிது என்பதால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. சுழற்சி ஏறும்போது அந்தப் பங்கு கரைந்துவிடும். சுழற்சியோடு சேர்ந்து திருத்தமும் ஏறினால் கேஸ்கட்டை மறந்துவிட்டு எரிபொருள் பம்பையும் காற்று அளவி சென்சரையும் பாருங்கள். பி 0171 என்ற குறியீடு கலவை மெலிந்துவிட்டது என்று மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. மேற்சொன்ன கணக்கு, உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சர் உள்ள இயந்திரங்களுக்கே முழுமையாகப் பொருந்தும். மெனிபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளந்து காற்றைக் கணக்கிடும் இயந்திரங்களில், கசிந்து வந்த காற்றும் அழுத்தத்தை உயர்த்திவிடுவதால் கணினி அதற்கும் சேர்த்துப் பெற்றோல் கொடுத்துவிடும். அப்போது திருத்த அளவுகள் சாதாரணமாகவே தெரியும். ஐட்லிங் மட்டும் உயர்ந்து நிற்கும். ஸ்கேனரில் எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பிவிட்ட வாகனங்களில் இந்த வகை உண்டு.

கசியும் இடத்தைப் பிடிக்கப் புகை இயந்திரமே சிறந்தது. அது கிடைக்காவிட்டால், இயந்திரம் ஐட்லிங்கில் ஓடும்போது ஒரு ஸ்பிரே போத்தலால் மெனிபோல்ட் பொருந்தும் கோட்டில் மட்டும் நீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். நீர் கசிவை ஒரு கணம் அடைக்கும்போது ஓட்டம் மாறுவது காதுக்கே தெரியும். பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயில், பியூஸ் பெட்டி, ஹைபிரிட்டின் செம்மஞ்சள் நிற வயர்கள் ஆகியவற்றின் பக்கம் நீர் போகக்கூடாது. காபரேட்டர் கிளீனரைப் பீச்சிப் பார்க்கும் பழைய வழக்கம் பலன் தரக்கூடியதுதான். ஆனால் சூடான எக்ஸோஸ்டுக்கு அருகில் அது தீயை வரவழைக்கும் வேலை. நீர் போதும்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் இயந்திரம் தானாக நின்றுவிடுவதால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாமல் போகும். பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர, பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இருமுறை அழுத்தி மின்சாரத்தை மட்டும் இயக்குங்கள். பார்க்கில் அக்சிலேட்டரை முழுதாக இருமுறை, நியூட்ரலில் இருமுறை, மறுபடி பார்க்கில் இருமுறை மிதியுங்கள். பிறகு பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தால் இயந்திரம் நிற்காமல் ஓடும். இவை அனைத்தும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

எக்ஸோஸ்ட் கசிவு காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, டிக் டிக் என்று கேட்கும். உலோகம் விரிந்து இடைவெளி மூடும்போது அது குறையும். டெப்பட் (வால்வு இடைவெளி) சத்தத்தோடு குழப்பிக்கொள்ள மிகவும் வசதியான சத்தம் இது. பிரித்தறிய ஒரு வழி, போர்ட் இஞ்செக்சன் (பெற்றோலை இன்டேக் வழியில் பீச்சும்) இயந்திரத்தில் ஒவ்வொரு இஞ்செக்டரின் இணைப்பியையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது. எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் போகிறதோ, கசிவு அங்கே. கொயிலைக் கழற்றிச் சோதிக்காதீர்கள். எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். கண்ணால் பார்ப்பதற்கு, வெப்பத்தடுப்புத் தகட்டைக் கழற்றி டோர்ச் அடித்து ஹெட்டை ஒட்டிய கோட்டைப் பாருங்கள். கசியும் இடத்திலிருந்து விசிறிபோல் விரியும் கரிக்கோடு இருக்கும். அதன் நடுவில், வாயு அடித்து அடித்துச் சாம்பல் வெள்ளையாக வெளுத்த ஒரு சிறு புள்ளியைப் பல சமயம் காணலாம். அந்தப் புள்ளிதான் துவாரம்.

எக்ஸோஸ்ட் கசிவைச் சத்தம் மட்டும்தானே என்று விடக்கூடாது. வாயுத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுவதால், ஒட்சிசன் சென்சர் கலவை மெலிந்துவிட்டதாக நம்பி அதிகப் பெற்றோலை ஊற்ற வைக்கும். அதைவிட முக்கியம், நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு கண்ணாடிக்கு முன்னுள்ள காற்று வாங்கும் வழியாகக் காருக்குள் வரலாம். ஏ.சி. போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிறுத்திய காரில் பிள்ளைகளை உறங்க விடும் பழக்கம் உள்ளவர்கள் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது.

பாகமும் கருவியும்

கேஸ்கட்டைக் காரின் பெயர் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று இயந்திரங்கள் வந்திருக்கும். செசி இலக்கத்தைக் கொடுத்துப் பாக இலக்கத்தை எடுத்து, அந்த இலக்கத்தைக் கொண்டே கல்முனையிலோ ஏறாவூரிலோ கேளுங்கள். இல்லாவிட்டால் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரவழையுங்கள். ரொயோட்டாவில் எக்ஸோஸ்ட் மெனிபோல்ட் கேஸ்கட்டின் இலக்கம் 17173 என்றும், இன்டேக் கேஸ்கட்டின் இலக்கம் 17171 அல்லது 17177 என்றும் தொடங்கும். எக்ஸோஸ்ட் பக்கத்துக்குப் புதிய நட்டுகளையும், முடிந்தால் ஸ்டட்டுகளையும், முன் குழாயின் வளையக் கேஸ்கட்டையும் சேர்த்தே வாங்குங்கள். திரொட்டில் பொடி கேஸ்கட்டும் இருக்கட்டும். மலிவான கொப்பிக் கேஸ்கட்டில் முதலில் பார்க்க வேண்டியது துவார விளிம்பு: அது ஹெட்டின் துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் சூடேறி எரியும்.

கருவிகளில் இல்லாமல் முடியாதது, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் றெஞ்ச். அதன் அளவுகோல் அடி இறாத்தலில் இருந்தால், நியூற்றன் மீற்றரில் உள்ள எண்ணை 1.356 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 20 நியூற்றன் மீற்றர் என்பது ஏறக்குறைய 15 அடி இறாத்தல். 10, 12, 14 மில்லிமீற்றர் சொக்கட்டுகள், நீட்டுக்கம்பிகள், ஒட்சிசன் சென்சருக்கு 22 மில்லிமீற்றர் சொக்கட், பிளாஸ்ரிக் சுரண்டி, உருக்கு நேர்விளிம்பு, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஆகியன மற்றவை.

இன்டேக் மெனிபோல்டைக் கழற்றுதல்

இயந்திரம் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். முதலில் எரிபொருள் பம்பின் பியூஸைக் கழற்றி, இயந்திரத்தை ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும் வரை விடுங்கள். சாதாரண போர்ட் இஞ்செக்சனில் குழாய்க்குள் 3 முதல் 4 பார் அழுத்தம் நிற்கிறது. அது இறங்காமல் குழாயைக் கழற்றினால் பெற்றோல் முகத்தில் பீச்சும். நேரடி இஞ்செக்சன் இயந்திரத்தில் அழுத்தம் இதைப் போலப் பல மடங்கு என்பதால் அந்தக் குழாய்களைப் பழக்கமில்லாதவர் தொடவே கூடாது. அடுத்து 12 வோல்ட் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். ஹைபிரிட்டாயின் சாவியைத் தொலைவில் வையுங்கள். தயார் நிலையில் விட்டுவைத்த ஹைபிரிட் கை உள்ளே இருக்கும்போது தானாக ஸ்டார்ட் ஆகக்கூடியது.

கழற்றத் தொடங்குமுன் எல்லாக் கோணத்திலும் கைபேசியில் படம் எடுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டி, காற்றுக் குழாய், திரொட்டில் பொடி என்ற வரிசையில் போங்கள். பல ரொயோட்டா இயந்திரங்களில் திரொட்டில் பொடியினூடாகக் கூலன்ட் குழாய்கள் இரண்டு ஓடுகின்றன. திரொட்டில் பொடியை அவற்றோடு சேர்த்து ஒரு பக்கம் சாய்த்து வைக்க முடிந்தால் கழற்ற வேண்டாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் அடைப்பதற்கு ஆயத்தமாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிரேக் பூஸ்டர் குழாய், பி.சி.வி. குழாய், பெற்றோல் ஆவிக் குழாய், அழுத்த சென்சர் இணைப்பி, இ.ஜி.ஆர். குழாய் (எக்ஸோஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை இன்டேக்குக்குத் திருப்புவது) இருந்தால் அது. பத்து வருடம் சூட்டில் கிடந்த இணைப்பியின் நாக்கு தொட்டாலே முறியும். ஆகவே நாக்கை அழுத்துமுன் இணைப்பியை ஒருமுறை உள்ளே தள்ளி, அது தளர்ந்த பின் அழுத்தி வெளியே இழுங்கள்.

மெனிபோல்டின் கீழே ஒரு தாங்கு பட்டி பல இயந்திரங்களில் ஒளிந்திருக்கும். மேலுள்ள போல்டுகள் எல்லாம் கழன்ற பிறகும் மெனிபோல்ட் வராவிட்டால் நெம்பாதீர்கள். அந்தப் பட்டியைத் தேடுங்கள். போல்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் முதலில் அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, மறுசுற்றில் முழுதாகக் கழற்றுங்கள். மெனிபோல்ட் வெளியே வந்ததும் ஹெட்டின் துவாரங்களைச் சுத்தமான துணியால் அடைத்து, எத்தனை துணி வைத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். உள்ளே விழும் ஒரு வாஷர் ஹெட்டையே கழற்ற வைக்கும்.

இந்த நேரத்தில் மெனிபோல்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். இ.ஜி.ஆர். உள்ள பிரியஸ், அக்குவா இயந்திரங்களில் அந்தச் சிறு வழிகள் கரியால் அடைபட்டிருப்பது வழமை. கழற்றிய கையோடு அதைச் சுத்தம் செய்யாமல் பூட்டுவது உழைப்பை வீணாக்குவது. அதேபோல, கரி எடுப்பதற்காக மட்டுமே மெனிபோல்டைக் கழற்றினாலும் பழைய சீலை மறுபடி போடாதீர்கள். அதை விரலில் எடுத்துப் பாருங்கள்: புதிதில் மேடாக எழுந்து நிற்கும் உதடு, பழையதில் தட்டையாகி, பளபளப்பேறி, பள்ளத்தின் உயரத்துக்கே இறங்கியிருக்கும்.

முகம்: வேலையின் மையம் இதுதான்

இரண்டு பக்கத்து முகங்களையும் பிளாஸ்ரிக் சுரண்டியாலும் கரைப்பான் தோய்த்த துணியாலும் சுத்தம் செய்யுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைச் சூடான உலோகத்தில் அடிக்கக்கூடாது. நச்சு வாயு உண்டாகும். கிரைண்டரில் மாட்டும் உரசல் வட்டுக்களை அலுமினியம் ஹெட்டில் பிடிக்கவே வேண்டாம். நம் பக்கத்துக் கராஜ்களில் நேரம் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யப்படும் இந்த வேலைக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத பள்ளம் முகத்தில் விழும். மற்றது, வட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஒட்சைட்டுத் தூள் துவாரத்துக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் போய் பெயாரிங்குகளைத் தின்னும். முகம் அழகாகப் பளபளக்கும். இயந்திரத்தின் ஆயுள் குறையும்.

பிறகு நேர்விளிம்பை முகத்தின் மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, பீலர் கேஜை உள்ளே நுழைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீற்றர் தகடு எங்கேயும் தாராளமாக நுழைந்தால், உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிட வேண்டும். எக்ஸோஸ்ட் மெனிபோல்டுக்கான எல்லை இன்டேக்கை விடத் தாராளமாகவே இருக்கும். எல்லையைத் தாண்டினால் லேத் வேலை செய்யும் இடத்தில் முகத்தைச் சீவி எடுக்கலாம், நைலோன் மெனிபோல்டாயின் மாற்றவே வேண்டும். வளைந்த முகத்துக்குத் தடித்த கேஸ்கட்டோ இரட்டைக் கேஸ்கட்டோ மருந்தாகாது.

கேஸ்கட் மேக்கர் எனப்படும் சிலிக்கன் பசையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இறப்பர் அமுக்கப்படும்போது அதன் கன அளவு குறைவதில்லை, வடிவமே மாறுகிறது. அந்த வடிவ மாற்றத்துக்கு இடம் கொடுக்கவே பள்ளத்தில் கொஞ்சம் வெற்றிடம் விடப்பட்டிருக்கிறது. அதைப் பசையால் நிரப்பினால் சீல் அமர்வதற்குப் பதிலாக வெளியே பிதுங்கும். சில வகைச் சிலிக்கனின் ஆவி ஒட்சிசன் சென்சரையும் கெடுக்கும். எக்ஸோஸ்டில் அது சில நாளிலேயே எரிந்துபோகும். கையேடு குறிப்பிட்ட ஓரிரு மூலைகளைத் தவிர, கேஸ்கட் உள்ள இடத்தில் பசை தேவையில்லை. "கொஞ்சம் பூசினால் பாதுகாப்புத்தானே தம்பி" என்று கராஜ் பாஸ் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எக்ஸோஸ்ட் மெனிபோல்டும் முறியும் ஸ்டட்டுகளும்

எக்ஸோஸ்ட் பக்கத்தில் வேலை முதல் நாளே தொடங்குகிறது. மாலையில் எல்லா நட்டுகளிலும் துருவிளக்கி எண்ணெயைத் தெளித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு முறை தெளியுங்கள். அக்சியோ, விட்ஸ் கார்களில் வரும் 1.5 லீற்றர் இயந்திரத்தில் எக்ஸோஸ்ட் பின்பக்கம், இயந்திரத்துக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலான தகட்டுச் சுவரை நோக்கி இருப்பதால் கை போகும் இடம் குறைவு. வாகனத்தை உயர்த்திக் கீழிருந்தும் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

முதலில் ஒட்சிசன் சென்சரின் இணைப்பியைக் கழற்றி, சென்சரையும் எடுத்துவிடுங்கள். பிறகு முன் குழாயின் ஸ்பிரிங் போல்டுகள், தாங்கு பட்டிகள், வெப்பத்தடுப்புத் தகடு. தகட்டின் 10 மில்லிமீற்றர் போல்டுகள்தான் உப்புக்காற்றில் மிக மோசமாக அரிக்கப்படுபவை. தலை உருண்டுவிடாமலிருக்க ஆறுமுகச் சொக்கட்டைப் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முக ரிங் ஸ்பானர் துருவேறிய தலையை வழித்துவிடும்.

மெனிபோல்ட் நட்டுகள் வராமல் அடம் பிடித்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். சிறிது இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு தளர்த்தும் திசையில் அசைத்து, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். அதற்கும் வராவிட்டால் எண்ணெயைத் துடைத்து, பெற்றோல் குழாய்கள் தொலைவில் இருப்பதை உறுதிசெய்து, நட்டை மட்டும் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுழன்று வெளியே வந்தால் நல்லதென்றே கொள்ளுங்கள். புதிய ஸ்டட் போடலாம்.

ஸ்டட் முறிந்துவிட்டால் அது எங்கே முறிந்தது என்பதைப் பொறுத்தது மிச்ச வேலை. முகத்துக்கு வெளியே துண்டு நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து, அந்த நட்டைத் திருப்பி எடுப்பது சிறந்த முறை. வெல்டிங்கின் சூடு துருப்பிடிப்பையும் உடைத்துவிடும். வெல்டிங்குக்கு முன் பற்றரியும் இயந்திரக் கணினியின் இணைப்பிகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். முகத்தோடு ஒட்ட முறிந்திருந்தால் சரியான நடுவில் புள்ளி குத்தித் துளையிட வேண்டும். ஸ்டட் உருக்கு, ஹெட் அலுமினியம். துளையூசி சற்று விலகினாலும் மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். இந்தக் கட்டத்தில் கை பழகாதவர் நிறுத்திக்கொண்டு, அனுபவமுள்ள லேத் பாஸிடம் கொடுப்பதே மலிவான வழி. மரை போயிருந்தால் சுருள் கம்பி மரை பதித்துச் சரிசெய்யலாம். முறிந்த ஒன்றை விட்டுவிட்டு மிச்சத்தை இறுக்கினால் போதும் என்பது மட்டும் நடக்காது. முதலில் கசியப்போவது அந்த மூலைதான்.

பொருத்துதலும் இறுக்குதலும்

புதிய கேஸ்கட்டுகள் உலர்ந்தே போக வேண்டும். எக்ஸோஸ்ட் கேஸ்கட்டில் மேல் பக்கம், வெளிப்பக்கம் காட்டும் குறியோ நாக்கோ இருந்தால் கவனியுங்கள். இன்டேக் சீல் பள்ளத்திலிருந்து எங்கும் முறுக்கிக் கிளம்பாமல் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். அடைத்த துணிகளை எண்ணி எடுங்கள்.

எல்லா நட்டுகளையும் முதலில் கையால் அடிவரை ஓட்டுங்கள். கையால் ஓடாத நட்டு மரையில் சிக்கியிருக்கிறது. பிறகு நடுவிலிருந்து தொடங்கி, வலமும் இடமும் மாறி மாறி ஓரத்தை நோக்கி, இரண்டு மூன்று கட்டமாக இறுக்குங்கள்: முதலில் இறுதி அளவின் பாதி, பிறகு முழு அளவு, கடைசியாக அதே அளவில் இன்னொரு சுற்று. இறுதி அளவைக் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வதானால், 10 மில்லிமீற்றர் தலையுள்ள 6 மில்லிமீற்றர் போல்ட் பொதுவாக 9 முதல் 12 நியூற்றன் மீற்றரும், 12 மில்லிமீற்றர் தலையுள்ள 8 மில்லிமீற்றர் போல்ட் 18 முதல் 30 வரையும் கேட்கும். இது நீளமான றெஞ்சில் விரல் நுனியால் தருமளவு மட்டுமே. கைப்பலத்தை முழுதாகக் காட்டினால் நைலோன் மெனிபோல்ட் வெடிக்கும், அல்லது அலுமினிய மரை வெளியே வரும்.

எக்ஸோஸ்ட் ஸ்டட்டுகளில் துருத்தடுப்புக் களிம்பு பூசலாமா என்று கேட்பார்கள். கையேட்டு அளவு பொதுவாக உலர்ந்த மரைக்கானது. களிம்பு பூசினால் உரசல் குறைந்து, அதே அளவில் ஸ்டட் அதிகமாக இழுபடும். கடற்கரையோர வாகனத்துக்கு நான் பூசுவதையே விரும்புவேன், ஆனால் உயர்வெப்பக் களிம்பை மட்டும், அதையும் மிக மெல்லியதாகப் பூசி, கையேடு தரும் வரம்பின் கீழ் எல்லையில் நிறுத்துவேன். ஒட்சிசன் சென்சரின் மரையில் பூசும்போது நுனியில் படக்கூடாது. அதற்கு 40 முதல் 45 நியூற்றன் மீற்றர் போதும்.

முதல் ஸ்டார்ட்டும் சரிபார்ப்பும்

பியூஸையும் பற்றரியையும் பொருத்திய பின், சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஓனில் மட்டும் இரண்டு மூன்று முறை வைத்து எடுங்கள். பம்ப் அழுத்தம் ஏற்றும். எங்காவது பெற்றோல் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கூலன்ட் குழாயைக் கழற்றியிருந்தால் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். எக்ஸோஸ்டில் ஒட்டியிருந்த எண்ணெய் எரிந்து கொஞ்ச நேரம் புகை வரும். திறந்த வெளியில் ஓடவிடுங்கள். பற்றரி கழற்றப்பட்டதால் ஐட்லிங் சில நிமிடம் தடுமாறுவது இயல்பு.

குறியீடுகளை அழித்துவிட்டு, மட்டக்களப்பு நகரிலிருந்து செங்கலடி வரை போய்த் திரும்பும் தூரமாவது ஓட்டி, திருத்த அளவுகளை மறுபடி பாருங்கள். ஐட்லிங்கிலும் 2500 சுழற்சியிலும் இரண்டும் கூட்டல் அல்லது கழித்தல் 5 சதவீதத்துக்குள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் இன்டேக் பக்கம் முடிந்தது. எக்ஸோஸ்டை மறுநாள் காலை, பொனட்டைத் திறந்து வைத்துக் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தீர்மானிக்க முடியும். கிராபைட் கேஸ்கட்டாயின், உற்பத்தியாளர் சொல்லியிருந்தால், ஆறிய நிலையில் ஒருமுறை மீள இறுக்கலாம். பல அடுக்கு உருக்குக் கேஸ்கட்டுக்கும் நைலோன் மெனிபோல்டுக்கும் அது வேண்டாம். அந்தக் காலையில் டிக் சத்தம் இன்னும் கேட்டால், நட்டுகளை மேலும் இறுக்காமல், முதலில் முன் குழாயின் வளையக் கேஸ்கட்டையும் மெனிபோல்டின் கிளைகள் சேரும் இடத்து வெல்டிங்கையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால், அது புதிய கேஸ்கட்டால் ஒருபோதும் அடங்காத சத்தம்.